மேட்டூரில் எத்தனை அடி?

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எனக்கு வயது 59, திருமணமாகி 34 ஆண்டுகள். ஐந்து ஏக்கர் நஞ்சை. 2012இல் குறுவை நெல் இல்லை, 2016இல் சம்பா நெல் கருகியது, 2018இல் கஜா புயல் வந்து கொல்லைத் தென்னைகளைச் சாய்த்தது. எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்துதான் தாண்டினோம். சாகுபடிக்கு நகை கேட்டபோது அவள் ஒரு முறைகூட முகம் சுளித்ததில்லை. இப்போது பிள்ளைகள் நிலைத்துவிட்டார்கள், கடன் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் அடகில் இருந்த நகைகூட தள்ளுபடியில் திரும்பி வந்துவிட்டது. வாங்கி பீரோவில் வைத்தவள் இன்றுவரை எடுத்துப் போடவில்லை. தேவைக்கு மேல் என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கேட்டால் "ஒன்றுமில்லை" என்கிறாள். கோவையில் மகளோடு போய் இருக்கப் போவதாகச் சொல்கிறாள். மருதத்திணைக்கு ஊடல் என்று படித்திருக்கிறேன். இதை அப்படி எடுத்துக்கொள்ளலாமா? காசிக்கு அழைத்துப் போனால் சரியாகுமா? போக விடுவதா, தடுப்பதா? கஷ்டகாலமெல்லாம் முடிந்த பிறகு ஏன் இப்படி?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் நாளிதழில் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு நிலமில்லை, விற்று முப்பது வருடமாகிறது. ஆனாலும் மே மாதம் பிறந்தால் கண் அந்தக் கட்டத்துக்குத்தான் போகிறது.

மருதத்திணையை விட்டுவிடுங்கள். அந்த ஊடல், பரத்தை வீட்டிலிருந்து திரும்புகிறவனை வாசலில் நிறுத்துவது. பாணன் தூது வருவான், தோழி மறுப்பாள், கடைசியில் கதவு திறக்கும். பேச்சு நின்றுபோன வீட்டுக்கு ஐந்திணையில் இடமில்லை. காசி யாத்திரை உங்கள் இருவரின் முழங்காலைப் பொறுத்தது, அதில் எனக்குக் கருத்து கிடையாது.

"நகைகூட" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் "கூட"வில்தான் நான் நின்றுவிட்டேன்.

எங்கள் ஊர் திருவாரூருக்குத் தெற்கே, கடைமடைக் கிராமம். அப்பா டீக்கடையில் நாளிதழ் பார்த்துவிட்டு வந்து திண்ணையிலிருந்தே அறிவிப்பார், "மேட்டூர் 87" என்று. நாலு நாள் கழித்து "91" என்பார். உள்ளே அரிசி களைந்துகொண்டிருக்கும் அம்மாவின் கை நிற்கும். அம்மாவுக்கும் சாகுபடியில் எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொள்வேன். 90 அடியைத் தாண்டி நின்றால் ஜூன் 12இல் அணை திறப்பார்கள். திறந்தால் குறுவை உண்டு. குறுவை உண்டென்றால் உழவுக்கு, விதைக்கு, யூரியாவுக்கு ரொக்கம் வேண்டும். ரொக்கம் அம்மா கழுத்தில் இருந்தது, மூன்றரைப் பவுன் சங்கிலியாக.

அப்பாவை மட்டும் குறை சொல்ல முடியாது. 1960இல் விதை, உரம், கடன் எல்லாம் சேர்த்துத் தரும் பேக்கேஜ் திட்டம் தஞ்சை மாவட்டத்துக்கு வந்தது, 1965இல் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வந்தது. குறுகிய காலப் பயிர், உரம் போட்டால் கொட்டும். அதற்கு முன் வீட்டு விதையும் தொழுவத்து எருவும் போதுமாயிருந்தது. பிறகு பணம் முன்னால் போக வேண்டியிருந்தது, நெல் பின்னால் வந்தது. அந்த இடைவெளியை அடைத்தது சங்கிலி. பசுமைப் புரட்சியைப் புகழ்கிறவர்களும் திட்டுகிறவர்களும் மூட்டைக் கணக்கு நிறைய எழுதியிருக்கிறார்கள். இந்தக் கழுத்துக் கணக்கை யாரும் எழுதி நான் படித்ததில்லை.

சங்கிலி மாசியில் அம்மா கழுத்துக்கு வரும், வைகாசிக் கடைசியில் அடகுக்குப் போகும். குறுவை அறுத்த காசு சம்பா நடவுக்குள் போய்விடும். சம்பா வீடு வந்தால்தான் அடகுக் கடைக்காரர் முகத்தில் விழிக்கலாம். இடையில் மூன்று மாதம் அவளுடையது. பங்குனியில் திருவாரூர்த் தேருக்குப் போட்டுக்கொண்டு போவாள். பிறகு வாய்க்காலில் தண்ணீர் வரும், பூவும் நெல்மணியும் தூவி ஊரே வரவேற்கும். அம்மாவும் கற்பூரம் காட்டுவாள், வெறும் மஞ்சள் கயிற்றோடு. ஆடிப்பெருக்கில் எல்லாப் பெண்களும் கயிறு மாற்றிக்கொள்வார்கள். சங்கிலி வீட்டில் இருக்கிறவர்களுக்கு அது சடங்கு. அம்மாவின் தாலியை அடுத்த மாசிவரை அந்தக் கயிறுதான் தாங்க வேண்டும். "மஞ்சள் கயிறுதான் லட்சணம்" என்பார் அப்பா. மனமார நம்பித்தான் சொன்னார்.

ஒரு வருடம் அணை திறக்கவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். ஆனி மாதம், ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது, வீட்டில் ஒருவேளைக் கஞ்சி. அம்மா சங்கிலியோடு வாசலில் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு தெளிச்சி. எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது, இரண்டு நாள் பேசவில்லை. அந்த ஆத்திரத்தை இன்று நினைத்தால் உடம்பு கூசுகிறது.

உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். 2012இல் அணை திறந்தது செப்டம்பர் 17, 2016இல் செப்டம்பர் 20. கருகிய பயிரைப் பார்த்து இருவரும் ஒரே வரப்பில் நின்றிருப்பீர்கள். கஜா அடித்த இரவில், எந்த ஓடு பறக்கிறது என்று கேட்டபடி ஒரே அறையில் விடிய விடிய உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் மனைவியின் கணக்கில் அவையெல்லாம் நல்ல வருடங்களாகக்கூட இருக்கலாம். தேதி தவறாமல் தண்ணீர் வந்த வருடங்களைப் பற்றி அவரிடம் கேளுங்கள். ஊர் சிரித்த ஜூன் மாதங்களில்தானே நீங்கள் உள்ளே வந்து கை நீட்டினீர்கள்?

"முகம் சுளித்ததில்லை" என்று பெருமையாக எழுதுகிறீர்கள். ஐயா, முகத்தை எப்போது பார்த்தீர்கள்? நகை கழலும் நேரத்தில் ஆண்பிள்ளை முகத்தைப் பார்ப்பதில்லை. பவுனை மனதுக்குள் நிறுத்துக்கொண்டிருப்பான். வாயைத் திறந்தால் நாற்று காய்ந்துவிடும் என்று தெரிந்த ஒருத்தி வாயைத் திறக்காமல் இருந்ததைச் சம்மதம் என்று எழுதிவைத்திருக்கிறீர்கள். எந்த வருடமாவது "வேண்டாம்" என்று சொல்ல அவருக்கு இடம் இருந்ததா? "இந்த வருடம் நகையைத் தொட வேண்டாம், ஓர் ஏக்கரைத் தரிசாகப் போடுவோம்" என்று நீங்களாவது சொன்னதுண்டா? 34 ஜூன் மாதங்கள். அதில் பாதியென்றாலும் பதினேழு.

கடைசியில் திரும்பி வந்ததே, அது எப்படி வந்தது? 2021இல் அரசு, கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து பவுன் வரை வைத்த நகைகளின் கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. நல்ல காரியம், எத்தனையோ வீடுகள் மூச்சு விட்டன. ஆனால் உங்கள் வீட்டில் மீட்டது நீங்கள் இல்லையே? என்றாவது ஒருநாள் நீங்கள் மீட்டுக்கொண்டுவந்து கையில் தருவீர்கள் என்று அவர் காத்திருந்திருக்கலாம். பட்டியலில் பெயர் வந்து, வரிசையில் நின்று, சங்கத்தில் வாங்கி வந்தீர்கள். இது என் ஊகம்தான், தவறாகவும் இருக்கலாம். போட்டுக்கொண்டால் அடுத்த வைகாசியில் உங்கள் கண்ணில் படும் என்ற பயமும் இருக்கலாம்.

நான் யோக்கியன் இல்லை. வயலை விட்டு ஓடிவந்து தஞ்சாவூரில் வாத்தியார் வேலை பார்த்தவன், இந்த வழக்கத்திலிருந்து தப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் முதல் சிறுகதைத் தொகுப்பை அச்சடிக்க மனைவியின் வளையல் இரண்டும் போயின. அவளும் முகம் சுளிக்கவில்லை. அச்சான ஆயிரம் பிரதிகளில் எழுநூறுக்கு மேல் பரணில் ஏறின. பல வருடம் கழித்து ஒரு மார்கழிக் கடைசியில் ஒட்டடை அடிக்கும்போது, புத்தகக் கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "இதையும் போகிக்குப் போட்டுவிடலாமா?" கேலியா கோபமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. வளையலை மறுபடி வாங்கிக் கொடுத்தேன். அளவு பொருந்தவில்லை, கை பருத்துவிட்டிருந்தது.

போக விடுவதா தடுப்பதா என்று கேட்டீர்கள், மறந்தே போனேன். போகட்டும். மன்னார்குடியிலிருந்து இரவில் புறப்படும் செம்மொழி எக்ஸ்பிரஸ் விடிவதற்குள் கோவையில் இறக்கிவிடும். டிக்கெட்டை நீங்களே எடுங்கள், கீழ்ப்படுக்கையாகப் பார்த்து. பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை போங்கள். பீரோவைத் திறந்து, நகையை எடுத்துப் போகிறாரா என்று மட்டும் பார்க்காதீர்கள்.