புரோக்கர் கேட்கும் பங்குக் கடன் சம்மதத்தைக் கொடுக்கலாமா?

கேள்வி அமெரிக்க புரோக்கர் கணக்கைப் பற்றியது. "ஸ்டாக் லெண்டிங்கை ஆன் செய்தால் சும்மா கிடக்கும் பங்குக்குக் காசு வரும் என்கிறார்கள். ஷார்ட் அடிப்பவனுக்கு என் பங்கையே கொடுப்பது சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது ஆகாதா?"

ஸ்டாக் லெண்டிங் என்றால் உங்கள் பங்கைக் கட்டணத்துக்குக் கடன் கொடுப்பது. ஷார்ட் அடிப்பவர் அப்படிக் கடன் வாங்கிய பங்கை விற்று, விலை விழுந்ததும் வாங்கித் திருப்பிக் கொடுத்து லாபம் பார்ப்பவர். முதலில் உங்களுடையது கேஷ் கணக்கா (முழுக்க உங்கள் பணத்தில் வாங்குவது), மார்ஜின் கணக்கா (புரோக்கரிடம் கடன் வாங்கியும் பங்கு வாங்குவது) என்று பாருங்கள். மார்ஜினில் கடன் பாக்கி இருந்தால் உங்கள் பங்கு ஏற்கெனவே வெளியே போயிருக்கலாம். பாக்கித் தொகையின் 140 சதவீத மதிப்புக்குப் பங்குகளை அடகு வைக்கவும் கடன் கொடுக்கவும் புரோக்கருக்கு விதி இடம் கொடுக்கிறது. 10,000 டாலர் பாக்கி என்றால் 14,000 டாலர் பங்கு வரை எடுக்கலாம். அதற்கான சம்மதம் மார்ஜின் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அந்தப் பங்கில் வரும் கட்டணம் புரோக்கருக்கு. உங்களுக்குப் பொதுவாக ஒரு சென்ட் கிடையாது. ஷார்ட் செல்லர் மேல் காட்டும் கோபத்தில் கொஞ்சமாவது இந்த ஏற்பாட்டின் மேல் திரும்ப வேண்டும். மாதாந்திர ஸ்டேட்மென்ட்டில் "உங்கள் பங்கில் இவ்வளவு கடன் போயிருக்கிறது" என்று ஒரு வரி போட என்ன கஷ்டம்?

முழுப் பணமும் கொடுத்து வாங்கிய பங்கு வேறு கதை. தனி ஒப்பந்தத்தில் சம்மதிக்காமல் அதைத் தொட முடியாது. சம்மதித்தால், உங்களிடம் கடன் வாங்குவது ஷார்ட் செல்லர் அல்ல, புரோக்கரே. உங்களிடம் வாங்கி அவர் அடுத்தவருக்குக் கொடுக்கிறார். ஷார்ட் செல்லர் திவாலானால் அது புரோக்கரின் தலைவலி. புரோக்கரே விழுந்தால்தான் உங்களுக்குச் சிக்கல். ஏனென்றால், கடனில் இருக்கும் பங்குக்கு எஸ்ஐபிசி (புரோக்கர் திவாலானால் வாடிக்கையாளரைக் காக்கும் அமைப்பு) பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம், ஈடாக வைத்த தொகை ஒன்றே உங்களுக்கு மிஞ்சலாம் என்று ஒப்பந்தத்திலேயே எச்சரித்திருப்பார்கள். பலர் படிக்காமல் தள்ளிவிடும் பக்கம் அது.

ஈடு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். 25 டாலர் பங்கு 200 கடனில் போகிறது, மதிப்பு 5,000. வழக்கமான 102 சதவீதக் கணக்கில் 5,100 டாலர் ஈடு வைக்கப்படும். தினமும் முடிவு விலைக்கு ஏற்ப இது கூடும், குறையும். ஒரே நாளில் விலை 40-க்குத் தாவினால் பங்கின் மதிப்பு 8,000. மறுநாள் ஈட்டை ஏற்றும்வரை 2,900 டாலருக்கு ஈடு இல்லை. அதே இரவில் புரோக்கர் கவிழ்ந்தால் மட்டுமே அது நஷ்டம். அரிதுதான், ஆனாலும் ஈடு எந்த வங்கியில், யார் பெயரில் இருக்கிறது என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள்.

வருமானம்: அதே 5,000 டாலருக்கு ஆண்டுக் கட்டணம் 12 சதவீதம் என்றால், 360 நாள் கணக்கில் தினம் 1.67 டாலர். அதில் பாதி உங்களுக்கு என்றால் 83 சென்ட், 30 நாளில் 25 டாலர். சனி, ஞாயிறுக்கும் சேரும். இன்டராக்டிவ் புரோக்கர்ஸ் பாதி தருகிறார்கள். அதைவிட மிகக் குறைவாகத் தருபவர்களும் உண்டு. உங்கள் சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள், சந்தையில் மொத்தக் கட்டணம் எவ்வளவு என்பதையும் காட்டுகிறார்களா என்று பாருங்கள். அது தெரியாவிட்டால் "பாதி" என்ற சொல்லுக்கு மதிப்பில்லை.

ஆன் செய்த பலர் மாதக்கணக்கில் ஒன்றும் வரவில்லை என்பார்கள். பெரிய கம்பெனிப் பங்குகளும் இன்டெக்ஸ் ஃபண்டுகளும் பென்ஷன் ஃபண்டுகளிடம் மலைபோல் கிடக்கின்றன. உங்கள் 50 பங்கை யாரும் தேடி வர மாட்டார்கள். தேடி வருவது கிடைக்காத பங்குக்குத்தான். புதிதாகப் பட்டியலான கம்பெனியில் வெளியே சுற்றும் பங்கு குறைவு, அதனால் கட்டணம் எகிறும். லாக்-அப் (கம்பெனிக்கு உள்ளிருப்பவர்கள் விற்கக் கூடாத காலம், பெரும்பாலும் 180 நாள்) முடிந்து உள்ளிருப்பவர்களின் பங்கு வெளியே வந்ததும் கட்டணம் சரியும், அறிவிப்பு எதுவும் வராது.

கட்டணம் அதிகம் என்பதற்காக ஒரு பங்கை வாங்காதீர்கள், வைத்திருக்கவும் செய்யாதீர்கள். ஆண்டுக்கு 60 சதவீதக் கட்டணத்தில் பாதி என்றால் மாதம் 2.5 சதவீதம். அவ்வளவு கொடுத்துக் கடன் வாங்குபவர், பங்கு அதைவிட வேகமாக விழும் என்று பந்தயம் கட்டுகிறார். அவர் கணக்கு தப்பலாம். ஆனால் விழுந்தால் முழு இறக்கமும் உங்கள் தலையில். பங்கு கடனில் இருந்தாலும் லாப நஷ்டம் உங்களுடையதே. நினைத்த நேரத்தில் விற்கலாம், கடன் போன பங்கைத் திரும்பப் பெறுவது புரோக்கர் பொறுப்பு.

இனி சூனியக் கேள்வி. நீங்கள் மறுத்தால் ஷார்ட் நின்றுவிடுமா? பெரிய பங்கில் நிற்காது. சுற்றில் குறைவாக உள்ள பங்கில் பலர் மறுத்தால் கடன் கட்டணம் ஏறும், அவ்வளவுதான். ஷார்ட் செல்லர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கொள்கைக்காக மறுப்பது முழுக்க உங்கள் உரிமை. மறுப்பதென்றால் சரியாக மறுங்கள். 2021 ஜனவரியில் கேம்ஸ்டாப் கம்பெனிப் பங்கில் ஷார்ட் அடித்த அளவு மொத்தப் பங்குகளில் 100 சதவீதத்தைத் தாண்டியபோது, "எட்டாத விலைக்கு விற்பனை ஆர்டர் போட்டால் உங்கள் பங்கைக் கடன் தர முடியாது" என்று ஒரு வதந்தி பரவியது. அது பொய். மார்ஜினை விட்டு கேஷ் கணக்குக்கு மாறி, லெண்டிங்கை ஆஃப் செய்வதே வழி. இன்னும் உறுதி வேண்டுமென்றால் பங்கை கம்பெனியின் டிரான்ஸ்ஃபர் ஏஜென்ட்டிடம் (பங்குதாரர் பதிவேட்டை வைத்திருப்பவர்) நேரடியாக உங்கள் பெயரில் பதிவு செய்யலாம்.

வரியில்தான் அதிகம் பேர் அடிபடுகிறார்கள். கடனில் இருக்கும்போது டிவிடெண்ட் வந்தால், அதற்குச் சமமான மாற்றுத் தொகைதான் உங்களுக்கு வரும். அது தகுதி பெற்ற (குறைந்த வரி உள்ள) டிவிடெண்ட் ஆகாது. 1099-எம்ஐஎஸ்சி படிவத்தின் 8-ஆம் பெட்டியில், சாதாரண வருமானமாக வரும். 24 சதவீத வரம்பில் இருப்பவருக்கு 100 டாலர் டிவிடெண்டில் 15-க்குப் பதில் 24 டாலர் வரி. மேலே பார்த்த மாதம் 25 டாலர் எங்கே போகிறது என்று புரியும். ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் இந்தத் தொல்லை இல்லை. முறையான ஒப்பந்தத்தில் கடன் கொடுப்பது விற்பனையாகக் கருதப்படாது. வாங்கிய விலையும் வைத்திருந்த காலமும் அப்படியே தொடரும்.

கடனில் உள்ள பங்குக்கு ஓட்டும் கிடையாது. டிவிடெண்டோ ஓட்டோ முக்கியம் என்றால் ரெக்கார்டு தேதிக்கு (யார் பங்குதாரர் என்று கம்பெனி கணக்கெடுக்கும் நாள்) ஒரு வாரம் முன்பே ஆஃப் செய்யுங்கள். பட்டனை அணைத்த அதே நொடியில் பங்கு திரும்பாது. கடனில் உள்ள எண்ணிக்கை பூஜ்யம் ஆகிவிட்டதா என்று கணக்கில் பார்த்த பிறகே நம்புங்கள்.