பழைய ஹோண்டா சிட்டி காரை விற்கலாமா? தொண்டி நண்பருக்கு

நண்பரே, உங்கள் 2001 ஹோண்டா சிட்டி விடெக் காரை உப்புக்காற்று அரிக்கிறது, விற்றுவிட்டு அதே பெயரில் புதியது வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பெயரை நம்பி வாங்காதீர்கள். ஹோண்டா 2003-லேயே சிட்டியின் குணத்தை மாற்றிவிட்டது. 100 குதிரைத்திறனைத் தாண்டிய எஞ்சின் போய், மைலேஜுக்காக 77 குதிரைத்திறன் எஞ்சின் வந்தது. ஓட்டும் சுகத்துக்காகவே வாங்கியவர்கள் நொந்துபோனது நியாயம்தான்.

முதலில் ஜாக்கி வைக்கும் விளிம்பையும், கார்ப்பெட்டுக்கு அடியில் தரையையும் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். தகடு உள்ளே போகவில்லையென்றால், டிங்கரிங் செய்து, துருப்பிடிக்காமல் இருக்க அடியில் பூசும் அண்டர்பாடி கோட்டிங் அடித்து, தயவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், தனுஷ்கோடி போய் வந்தால் அன்றைக்கே அடிப்பகுதியைக் கழுவிவிடுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், நம் பக்கம் பல இடங்களில் அதுவும் உப்புதான்.