ஸ்மார்ட் துணி தைக்க யார் வருவார்கள்? – கேள்வி பதில்

சென்சார் வைத்த ஆடைகளுக்குச் சாம்பிள் தைத்து, தையல்காரர்களுக்கு அதைச் சொல்லியும் கொடுக்கும் திருப்பூர்க்காரர் ஒருவர் பதில் தருகிறார்.

அண்ணா, பத்தாவதுதான் படிச்சிருக்கேன். பனியன் கம்பெனியில் பவர் டேபிள் (மோட்டார் தையல் மெஷின்) டெய்லர். எனக்கு இது வருமா? (அவிநாசி)

வரும்ங்க. இழுபடும் பனியன் துணியைச் சுருக்கம் விழாமல் ஓட்டும் கை உங்களிடம் இருக்கிறது, அதற்குத்தான் வருடக்கணக்கில் பழக வேண்டும். மின்தடை அளக்கும் மல்டிமீட்டரைப் பிடிக்க ஒரு மத்தியானம் போதும்.

வெள்ளி பூசிய நைலான் நூலில் தைத்தால் ஒரு இடத்தில் கரண்ட் வருகிறது, இன்னொரு இடத்தில் வருவதில்லை. (பல்லடம், சாம்பிள் யூனிட்)

அந்த நூலை மேலே போட்டிருப்பீர்கள். மேல்நூல் ஒரு தையலாகப் படிவதற்குள் ஊசிக்காதில் பல தடவை முன்னும் பின்னும் உரசும், பூச்சு உரிந்துவிடும். அதை அடிநூலாகப் பாபினில் சுற்றுங்கள், மேலே சாதாரண பாலியஸ்டர் போதும். இழுபடும் துணி என்றால் நேர்த்தையல் வேண்டாம், ஜிக்ஜாக் போடுங்கள். தைத்ததும் துணியை இழுக்காமல் ஒரு தடவை, இழுத்து ஒரு தடவை, துவைத்துக் காய்ந்தபின் ஒரு தடவை மின்தடை எத்தனை ஓம் என்று பார்த்துச் சாம்பிள் அட்டையில் எழுதி வையுங்கள். அப்புறம், பிசிறு வெட்டுவது இங்கே அழகுக்காக இல்லை. நீட்டிக்கொண்டிருக்கும் நூல் முனை பக்கத்துத் தையலைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட்தான்.

ஐடிஐ மாணவர்களுக்கு எதிலிருந்து ஆரம்பிக்கலாம் சார்? (ஈரோடு)

தையல் பிரிவுப் பிள்ளையையும் எலக்ட்ரானிக்ஸ் பிரிவுப் பிள்ளையையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். எல்இடி மின்னும் சட்டை கண்காட்சியோடு சரி. படுக்கை விரிப்புக்குப் பேர்போன சென்னிமலை பக்கத்தில் இருக்கிறீர்கள், நோயாளி எழுந்தால் மணி அடிக்கிற படுக்கை விரிப்பு செய்யச் சொல்லுங்கள். கோவை சிட்ராவில் (தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம்) மருத்துவ ஜவுளிக்கென்றே மையம் இருக்கிறது. அனுமதி வாங்கி ஒருநாள் கூட்டிப்போய்ச் சோதனைக்கூடத்தைக் காட்டுங்கள்.

பழக்கிவிட்டால் ஆள் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுகிறான். செலவு என் தலையிலா? (பனியன் கம்பெனி)

பீஸ் ரேட்டில் (தைத்த எண்ணிக்கைக்குக் கூலி) உட்கார வைத்துப் புதுசு பழகு என்றால் யாருக்கு மனசு வரும்? பழகும் நாளுக்கு ஷிப்ட் சம்பளம் கொடுத்துப் பாருங்கள். செலவுக்கு, மத்திய ஜவுளி அமைச்சகத்தின் சமர்த் பயிற்சித் திட்டம் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கும் உண்டு. 2020இல் 1,480 கோடி ரூபாய்க்கு ஒப்புதலான தேசியத் தொழில்நுட்ப ஜவுளி (மருத்துவம், தொழிற்சாலை போன்ற பயன்பாட்டுக்கான துணி) இயக்கத்திலும் பயிற்சிக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. இப்போது எது நடப்பில் இருக்கிறது என்று சங்கத்தில் நாலு கம்பெனி சேர்ந்து கேளுங்கள்.

ஜவுளிப் பொறியியல் முடிக்கிறேன். வேலை கிடைக்குமா? (கோவை)

ஸ்மார்ட் துணி என்ற பெயரிலேயே வேலை தேடினால் சிரமம்மா. சாம்பிளிங் பிரிவில் நுழையுங்கள். நேர்காணலுக்குச் சான்றிதழோடு, துவைத்த பிறகும் வேலை செய்கிற ஒரு சாம்பிளை எடுத்துப் போங்கள்.