வாய்தா வாங்கியது யார்?

வணக்கம். நீதிமன்றச் செய்திகளில் இன்னும் 'வாய்தா' என்று எழுதுகிறார்கள். தமிழே இல்லாத சொல்லை எதற்குச் சுமக்க வேண்டும்? 'ஒத்திவைப்பு' இருக்கிறதே. அப்புறம், ஒத்திவைத்தல், தள்ளிவைத்தல், தள்ளிப்போடுதல் மூன்றும் ஒன்றுதானா? 'தூங்குக தூங்கிச் செயற்பால' என்ற குறளும் இதைத்தான் சொல்கிறதா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

குறளில் வரும் தூங்குதல் உறக்கமல்ல, காலம் தாழ்த்துதல். ஆறப்போட வேண்டியதை ஆறப்போட்டே செய் என்கிறார். தள்ளிப்போடுவது நாமாகச் செய்வது. ஒத்திவைப்பது அவையோ நீதிமன்றமோ செய்வது. தள்ளிவைத்தலுக்கு ஊரைவிட்டு ஒதுக்குவது என்றும் பொருள் உண்டு, பார்த்துப் பயன்படுத்துங்கள்.

சரி, வாய்தா. அதைத் தூக்கியெறியச் சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அரபியில் வாக்குறுதியைக் குறித்த சொல், உருது வழியாக வந்தது. வந்தால் என்ன? நம் மக்கள் அதை 'வாங்கு' என்ற வினையோடு சேர்த்தார்கள். 'வாய்தா வாங்கினான்' என்றால் வாங்கியவன் வாக்கியத்திலேயே நிற்கிறான். 'வழக்கு ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதிப் பாருங்கள். யார் கேட்டார்கள்? எதற்கு? மழை பெய்த மாதிரி அதுவாக நடந்துவிட்டது!

அப்பாவுக்கு ஒரு வரப்புத் தகராறு வழக்கு இருந்தது. மஞ்சப்பையில் பத்திரங்களோடு முதல் பஸ்ஸில் போய் நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். டவாலி பெயரைக் கூப்பிடுவார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஏதோ சொல்வார். குமாஸ்தா கட்டின் மேல் அடுத்த தேதியை எழுதிக்கொள்வார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "இன்னிக்கும் வாய்தாவா?" என்பாள். "அவன் வாங்கிட்டான்" என்பார் அப்பா. இழுத்தடித்தது யார் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 17ஆம் கட்டளை, விசாரணையின்போது ஒரு தரப்புக்கு 3 முறைக்கு மேல் வாய்தா கூடாது என்கிறது. வாய்தா தரப்புக்குத் தரப்படுவது, வழக்குக்குத் தானாக நேர்வதில்லை என்பது அந்த விதியிலேயே இருக்கிறது. செய்தி எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஏன் அது தெரிவதில்லை?

நல்ல தமிழ் வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுவது எனக்குப் பிடித்திருக்கிறது. 'ஒத்திவைப்பு' என்றே எழுதுங்கள். ஆனால் முழுதாக எழுதுங்கள்: 'பிரதிவாதி அவகாசம் கேட்டதால் நீதிபதி வழக்கை ஒத்திவைத்தார்.' எல்லோரும் இப்படி எழுதத் தொடங்கினால், வாய்தாவை விட்டுவிட எனக்கும் சம்மதம்.