பைபிளில் வரும் 1 கொரிந்தியர் 13, அதாவது ‘அன்பு அதிகாரம்’, கல்யாணத்துக்காக எழுதப்பட்டதா?

இல்லை. அந்த அதிகாரத்தில் கல்யாணப் பேச்சே கிடையாது. ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த ஒரு கிறிஸ்தவ சபைக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதிய நிருபத்தில், அதாவது கடிதத்தில், வருவது அது.

தங்கை கல்யாண ஆராதனையில் அதை வாசித்தவன் நான்தான். “அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது” என்று குரலைத் தாழ்த்தி உருக்கமாக வாசித்தேன். அத்தைமார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பல மாதம் கழித்து, மழையில் வெளியே போகமுடியாத ஒரு நாள், நிருபத்தை முதல் அதிகாரத்திலிருந்து ஒரே மூச்சில் படித்தேன். கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. நான் உருகி உருகி வாசித்தது ஒரு கண்டிப்பு!

அந்தச் சபை இருந்த கொரிந்து, கி.மு. 146-இல் ரோமர்கள் தரைமட்டமாக்கிய கிரேக்க ஊர். நூறு வருஷம் கழித்து, கி.மு. 44-இல், ஜூலியஸ் சீசர் அங்கே மறுபடி ஆட்களைக் குடியேற்றினார். அடிமைத்தளையிலிருந்து விடுதலையானவர்கள் அதில் நிறையப் பேர். இரண்டு பக்கமும் துறைமுகம், கையில் காசு. பாட்டன் பெருமை பேச வழியில்லாத ஊரில் தன் பெருமைக்குத்தான் மவுசு என்பது என் கணிப்பு. பவுல் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்ற தம்பதியோடு கூடாரம் செய்து பிழைத்தபடி ஒன்றரை வருஷம் அங்கே தங்கிச் சபையைத் தொடங்கினார். பிறகு அவர் எபேசு பட்டணத்தில் இருந்தபோது குலோவேயாள் என்ற பெண்ணின் வீட்டார் மூலமாக அங்கத்திய சேதி வந்தது. சுமார் கி.பி. 54-இல் இந்த நிருபம் போனது.

சேதி ஒன்றும் நல்லதாக இல்லை. நான் பவுல் கட்சி, நான் அப்பொல்லோ கட்சி, நான் கேபா கட்சி என்று பிரிந்து நிற்கிறார்கள். (அப்பொல்லோ அங்கே போதித்த இன்னொருவர், கேபா என்பது பேதுரு.) சகோதரன் மேல் சகோதரன் வழக்குப் போடுகிறான். எனக்கு மனசு ஆறாதது, இயேசுவை நினைத்து அப்பம் பிட்டு உண்ணும் இராப்போஜன விவகாரம்தான். அன்றைக்கு அது ஒரு துண்டு அப்பத்தோடு முடிகிற சடங்கு அல்ல, உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு. அதில் அவனவன் தன் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டுவிடுகிறான். ஒருவன் பசியோடு இருக்க, இன்னொருவன் குடித்து வெறித்திருக்கிறான். “இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?” என்று கேட்கிறார் பவுல்.

கோபத்தில் பேச்சு தடுமாறுவதும் அப்படியே பதிவாகியிருக்கிறது. கிறிஸ்புவையும் காயுவையும் தவிர உங்களில் யாருக்கும் நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்கிறார். உடனே, ஸ்தேவான் வீட்டாருக்கும் கொடுத்தேன் என்கிறார். வேறு யாருக்காவது கொடுத்தேனோ, தெரியாது என்று விட்டுவிடுகிறார். சொல்லச் சொல்ல ஒருவர் எழுதியது இது, அடித்துத் திருத்தவில்லை.

இப்போது 13-க்கு வாருங்கள். அன்பு “இறுமாப்பாயிராது” என்று ஒரு சொல். மூலக் கிரேக்கத்தில் அது உப்பிப்போவதைக் குறிக்கும் வினை. புதிய ஏற்பாடு முழுவதிலும் ஏழே இடத்தில் வருகிறது. அதில் ஆறு இந்த ஒரே நிருபத்தில். 4-ஆம் அதிகாரத்தில் சிலர் இறுமாப்படைந்திருக்கிறார்கள். 5-இல் தகப்பன் மனைவியோடு ஒருவன் வாழ்வது தெரிந்தும் சபையே இறுமாப்படைந்திருக்கிறது. 8-இல் “அறிவு இறுமாப்பை உண்டாக்கும்.” ஆக, 13-இல் அந்தச் சொல்லைக் கேட்டதும் யாரைச் சொல்கிறார் என்று கொரிந்தில் ஒருவருக்கும் சந்தேகம் வந்திருக்காது. “சத்தமிடுகிற வெண்கலம்” என்பதும் சும்மா வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கொரிந்து வெண்கலம் அந்தக் காலத்தில் பேர்பெற்ற சரக்கு.

கேட்டார்களா? உடனே இல்லை. அதற்குப் பிறகு மிகுந்த கண்ணீரோடு இன்னொரு கடிதம் எழுதியதாகக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் அவரே சொல்கிறார். நிருபம் எழுதினால் கனமாக இருக்கிறது, நேரில் பார்த்தால் ஆள் ஒன்றுமில்லை என்று அங்கே சிலர் கேலி பேசியதையும் அதிலேயே குறிப்பிடுகிறார். முதல் நூற்றாண்டின் கடைசியில் மறுபடி சண்டை. சபையை நடத்திய மூப்பர்களைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். ரோமாபுரிச் சபையிலிருந்து ஒரு கடிதம் போனது. அந்தச் சபைத் தலைவர்களில் ஒருவரான கிளெமெந்து எழுதியதாகச் சொல்லப்படும் அந்தக் கடிதம், பவுலின் நிருபத்தை எடுத்துப் பாருங்கள் என்றுதான் சொல்கிறது.

அடுத்த மாதம் சித்தப்பா மகள் கல்யாணம். வாசிப்பு மறுபடியும் என் தலையில்தான். 13-தான் வேண்டுமாம். வாசிப்பேன், ஆனால் இந்தத் தடவை குரலைத் தாழ்த்துவதாக இல்லை.