காலேஜ் ஃபர்ஸ்ட் இயர்ல யார் கூடவும் ஒட்ட முடியல, பாட்டு டான்ஸ் எதுவும் வராது, கல்ச்சுரல் டீம்ல சேர்ந்தா ஃப்ரெண்ட்ஸ் கிடைப்பாங்களா?

கிடைப்பாங்க, ஆனா எந்த டீம்னு பாத்து சேருங்க. எனக்கு நடந்தத சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

நான் 2022 பேட்ச். அண்ணா யுனிவர்சிட்டிக்கு கீழ வர்ற ஒரு இன்ஜினியரிங் காலேஜ், சென்னைல. ஊரு தேனி பக்கம், பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். அந்த வருஷம் கவுன்சலிங் இழுத்துக்கிட்டே போய் நவம்பர்ல தான் கிளாஸே ஆரம்பிச்சாங்க, அதுக்குள்ள ஒரே ஸ்கூல்ல படிச்சவங்க, வாட்ஸ்அப் குரூப்ல முன்னாடியே பேசிக்கிட்டவங்கன்னு எல்லாரும் செட்டு சேந்துட்டாங்க. நான் மெஸ்ல தட்ட கையில வச்சிக்கிட்டு எங்க உக்காரதுன்னு தெரியாம நின்னுட்டு, உடம்பு சரியில்லன்னு பொய் சொல்லி ரூமுக்கு எடுத்துட்டு போய் சாப்பிட்ட நாளெல்லாம் உண்டு.

முதல்ல போனது லைட் மியூசிக் ஆடிஷன். பல்லவி முடியிறதுக்குள்ள "ஓகே, நெக்ஸ்ட்". அவங்கள குறை சொல்லல, அவங்களுக்கு வெளி காலேஜ் போய் ப்ரைஸ் அடிக்கணும், ஏற்கனவே நல்லா பாடுறவங்க தான் வேணும். ஆனா எதுவுமே வராத நமக்கு அங்க வேலையில்ல.

பறைக்கு போனது சும்மா தான். முதல் செமஸ்டர்ல 'தமிழர் மரபு'ன்னு ஒரு கிரெடிட் பேப்பர், எங்க வருஷத்துல தான் புதுசா வந்துச்சு. ரெண்டாவது யூனிட்ல மிருதங்கம், பறை, வீணை, யாழ், நாதஸ்வரம்னு ஒரே வரியில வரும். கிளாஸ் எடுத்த மேடம் தமிழ் மன்றத்துல சீனியர்ஸ் பறை கத்துக் குடுக்குறாங்க, ஆடிஷன்லாம் இல்ல, போய் பாருங்கன்னாங்க. போனேன்.

போன உடனே கையில பறைய குடுத்துடுவாங்கன்னு நினைச்சேன். ரெண்டு வாரம் கண்ணுலயே காட்டல. வட்டமா உக்கார வச்சு த, கு, தீம்னு வாயால சொல்லிக்கிட்டே தொடையில தட்டணும். ராத்திரி தொடை எரியும். ஆனா பக்கத்துல இருக்கவ தாளத்த விட்டா நானும் விட்டுடுவேன், ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிச்சிடுவோம், சீனியர் அக்கா "மறுபடி முதல்ல இருந்து" அப்படின்னு கத்துவாங்க. பேரு கேக்குறதுக்கு முன்னாடியே ஃப்ரெண்டான பொண்ணு அவ தான். என்ன பேசுறதுன்னு யோசிக்கிறவங்களுக்கு இத விட வசதி கிடையாது, கைக்கு ஒரு வேலை இருந்தா வாய் தானா திறக்கும்.

அப்புறம் பறைய தோள்ல மாட்டி, வலது கையில தடியான அடிக்குச்சி, இடது கையில மெலிசா நீளமா சுண்டுக்குச்சி. அடிச்சிக்கிட்டே அடவும் போடணும், கால் போனா கை நிக்கும், கை போனா கால் நிக்கும். ஆட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நெருப்பு போட்டு தோல காய்ச்சணும், அப்ப தான் சத்தம் கணீர்னு வரும். எங்களுக்கு எரிக்க பழைய இன்டர்னல் பேப்பர் தான்.

எங்க செட்ல விழுப்புரம் பக்கத்து பையன் ஒருத்தன், எங்க எல்லாரையும் விட நல்லா அடிப்பான், ஆனா ஸ்டேஜ்னா பின்னாடி போயிடுவான். ஒரு நாள் பாராட்டுறதா நினைச்சு "உனக்கு ரத்தத்துலயே இருக்குடா"ன்னு சொல்லிட்டேன். ரெண்டு நாள் என்கிட்ட பேசல. அப்புறம் அவனே வந்து சொன்னான், "எங்க தாத்தா ஆசைப்பட்டு அடிக்கல. எழவு விழுந்தா போயே ஆகணும், போகலன்னா ஊர்ல இருக்க முடியாது. அத விடணும்னு தான் எங்கப்பா பெயிண்டர் வேலைக்கு வந்தாரு. ரத்தம் அது இதுன்னு சொல்லாத." என்ன பதில் சொல்றதுன்னே தெரியல, சாரி மட்டும் சொன்னேன். எனக்கு பொழுதுபோக்கா இருந்தது அவன் வீட்டுல ஒரு தலைமுறை தப்பிச்சு வந்த விஷயம், அது வரைக்கும் எனக்கு அது தோணவே இல்ல. அதுக்கப்புறம் தான் நாங்க உண்மையிலயே பேச ஆரம்பிச்சோம்.

அந்த வாரமே வீட்டுக்கு விஷயம் தெரிஞ்சு அம்மா போன்ல, "சாவு மேளம் அடிக்கவாடி உன்னைய மெட்ராஸுக்கு அனுப்புனோம், அதுவும் பொட்டப்புள்ள". முன்னாடின்னா சத்தம் புடிக்கல போலன்னு நினைச்சிருப்பேன். அம்மா சொன்னது சத்தத்த பத்தி இல்ல, சாதிய பத்தின்னு அப்ப புரிஞ்சுது. சிலபஸ்ல வீணைக்கு பக்கத்துலயே பறை இருக்கு, எங்க வீட்டு வாசல் தாண்டி தான் வர முடியல. சண்டை ஒரு வருஷம் ஓடுச்சு. 2025-ல பறை கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ அறிவிச்சப்ப நியூஸ் லிங்க்க அம்மாவுக்கு அனுப்புனேன், ஒரு கட்டைவிரல் எமோஜி வந்துச்சு, அவ்ளோ தான்.

2023 பொங்கலுக்கு ஊருக்கு பஸ் டிக்கெட் கிடைக்காம மாட்டிக்கிட்ட நாங்க ஆறு பேரு பெசன்ட் நகர் பீச்சுக்கு சென்னை சங்கமம்னு நடக்குற நாட்டுப்புறக் கலை விழா பாக்க போனோம். மேடைல கலைஞர்கள் அடிக்க அடிக்க, கீழ மணல்ல நின்னு நாங்க தொடையில தட்டிக்கிட்டு இருந்தோம். ஹாஸ்டல் இன்டைம் தாண்டி போய் வார்டன்கிட்ட வாங்கி கட்டிக்கிட்டது தனிக்கதை.

நஷ்டமும் சொல்லிடறேன். முதல் செம்ல மேட்ரிக்ஸ் அண்ட் கால்குலஸ்ல அரியர் வச்சேன், பிராக்டிஸ் மேல பழி போட முடியாது, படிக்கல. அட்டெண்டன்ஸ் 75 பர்சென்ட்டுக்கு கீழ போகாம நீங்களே கணக்கு வச்சிக்கோங்க, ஓ.டி. (ஆன் டியூட்டி) வாங்கித் தரேன்னு சீனியர் சொல்றத நம்பாதீங்க. ஜூனியர்ஸ்ஸ டீ வாங்க மட்டும் அனுப்புற டீம்னா ரெண்டாவது நாளே வந்துடுங்க.

எதுவும் வராதுன்னு கேட்டிருந்தீங்கல்ல. எங்க செட்ல ஒருத்தனுக்கு கடைசி வரைக்கும் தாளம் வரல, ஆனா எந்த தோலு எவ்ளோ நேரம் நெருப்பு தாங்கும்னு அவனுக்கு தான் தெரியும். மழைக்காலத்துல அவன் லீவு போட்டா எங்க பறை எல்லாம் தொய்ஞ்சு தகர டப்பா மாதிரி கேக்கும். நாலு வருஷமும் பறைய காய்ச்சினது மட்டும் தான் அவன் வேலை, இந்த வருஷம் ஃபேர்வெல் அன்னைக்கு எடுத்த குரூப் போட்டோல தீப்பெட்டியோட நடுவுல நிக்கிறான்.