பரோல் எடுத்துத் தருகிறேன் என்பவருக்குப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட லயத்தில் இருக்கிறோம். திருட்டு வழக்கில் மூன்று வருடத் தண்டனை பெற்று என் மகன் தைப்பிங் சிறையில் இருக்கிறான். 4,000 வெள்ளி கொடுத்தால் பரோலில், அதாவது தண்டனை முடியும் முன்பே நிபந்தனையோடு, வெளியே எடுத்துவிடலாம் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். நகையை அடகு வைக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. ஒரு காசுகூடக் கொடுக்காதீர்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒழுங்காக நடந்துகொள்ளும் கைதிக்குத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு கழியும். மூன்று வருடத்தில் ஒரு வருடம் போனால், இரண்டு வருடத்தில் உங்கள் மகன் வீட்டுக்கு வந்துவிடுவான். இதற்கு மனுவும் வேண்டாம், சிபாரிசும் வேண்டாம். உள்ளே சண்டை போட்டாலோ, தடை செய்த பொருளோடு மாட்டிக்கொண்டாலோதான் அந்தக் கழிவில் வெட்டு விழும். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதைக் கோர்ட் உத்தரவில் பாருங்கள். மலாயில் ‘தாரிக் தங்காப்’ என்று இருந்தால் பிடிபட்ட நாளிலிருந்தே கணக்கு. இந்த ஒரு வரியைத் தாய்மொழியில் சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லாததால் எத்தனை குடும்பங்கள் மாதக்கணக்கில் தவிக்கின்றன!

பரோல் 2008-இல் சிறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஒரு வருடமாவது தண்டனை பெற்றிருக்க வேண்டும், அதில் பாதியை முடித்திருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு அது பதினெட்டாவது மாதம். கழிவோடு இருபத்து நான்காம் மாதம் எப்படியும் விடுதலை என்பதால், பரோலில் கிடைப்பது அதிகம் போனால் ஆறு மாதம்தான்.

தரகர்களின் பிழைப்பே இங்கேதான். பணத்தை வாங்கிக்கொண்டு, “ஃபைல் மேலே போயிருக்கிறது” என்று இழுத்தடிப்பார்கள். முத்திரை போட்ட நகல் ஒன்றைக் காட்டுவார்கள். இரண்டு வருடம் முடிந்து பையன் தானாக வெளியே வரும்போது, “பார்த்தீர்களா, நான் எடுத்துக் கொடுத்தேன்” என்பார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். குடும்பமும் நம்பி அடுத்த வீட்டுக்கு அவரையே சிபாரிசு செய்யும்! உண்மையில் பரோல் கோப்பு சிறைக்குள்ளேயே தயாராகிறது, முடிவெடுப்பது பரோல் வாரியம். அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. அதிகாரிக்குக் கொடுக்க வேண்டும் என்று அவர் கேட்டால் அது லஞ்சம். 2009-ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் கொடுத்தவருக்கும் இருபது வருடம் வரை சிறை உண்டு.

நீங்கள் கவலைப்பட வேண்டியது வீட்டைப் பற்றி. பரோல் கொடுக்கும் முன், வெளியே வந்தால் எங்கே தங்குவான், யார் பார்த்துக்கொள்வார்கள், என்ன வேலை என்று விசாரிப்பார்கள். லயத்து வீடு தோட்ட நிர்வாகத்துடையது. உங்கள் வீட்டுக்காரர் ஓய்வு பெற்றால் காலி செய்யச் சொல்வார்கள். நிலையான முகவரி கேட்கும் சிறை இலாகாவுக்கு இது தெரியாதா? ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டம் துண்டாடப்பட்ட இடத்திலிருந்து வந்தவன் எந்த முகவரியைக் கொடுப்பான்? எனக்கு ஆத்திரமாக வருகிறது. சரி, டவுனில் தம்பியோ அக்காவோ இருந்தால் அவர்கள் சம்மதத்தை இப்போதே எழுதி வாங்கி வையுங்கள். ஒரு பட்டறையோ கடையோ வேலை தருவதாகக் கடிதம் கொடுத்தால் இன்னும் நல்லது.

இன்னொரு விஷயம். உங்கள் மகனுக்கு இது பொருந்தாது, ஆனால் பக்கத்து வீட்டாருக்குப் பொருந்தலாம். போதைப்பொருளுக்கான 1985 சிறப்புத் தடுப்புச் சட்டத்திலோ, ‘போக்கா’ எனப்படும் 1959 குற்றத் தடுப்புச் சட்டத்திலோ தடுத்து வைக்கப்பட்டவருக்கு இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. கோர்ட் தண்டனையே இல்லை, உத்தரவில் இரண்டு வருடம் வரை வைத்திருப்பார்கள், நீட்டிக்கவும் முடியும். மூன்றில் ஒரு பங்கு கழியாது, பரோலும் இல்லை. உத்தரவில் சட்ட முறை மீறப்பட்டிருந்தால் அவரை விடுவிக்கச் சொல்லிக் கோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடலாம், அதற்கு வழக்கறிஞர் வேண்டும். கையில் இருப்பது தீர்ப்பா, தடுப்பு உத்தரவா என்று தாளைப் பார்த்த பிறகே பேசுங்கள். இதைக் கேட்காமல் “பரோல் எடுக்கிறேன்” என்பவர் யாராக இருந்தாலும் ஏமாற்றுகிறார்.

அடுத்த முறை மகனைப் பார்க்கப் போகும்போது, அவனுடைய விடுதலைத் தேதி என்ன, பரோலுக்குத் தகுதியானவர்களில் அவன் இருக்கிறானா என்று அங்கேயே அதிகாரியிடம் கேளுங்கள். மலாய் சரளமாகப் பேசும் பிள்ளை ஒருவரைக் கூட்டிப் போங்கள், பதிலை எழுதி வாங்குங்கள்.